அம்மன் மூக்கில் ஒடிந்த பிட்

ஜூலியன் பயந்த சுபாவம். இதைத் தோட்டத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள், அவரே மறுக்க மாட்டார். வானம் உறுமினால் வீட்டிலுள்ள பிளக்கையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, கால் தரையில் படாமல் கட்டிலில் சம்மணம் கட்டிக்கொள்வார். பஸ்ஸில் ஏறினால் டிரைவரை விட அதிகம் பிரேக் மிதிப்பவர் அவர்தான். தோட்ட மேனேஜர் துரையின் ஜீப் மேல் ரோட்டில் தெரிந்தாலே, செய்யாத தப்புக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். நாற்பத்தேழு வயது மனிதரைப் பற்றி இப்படிப் பேசுவது மரியாதையில்லைதான். என்ன செய்வது, பயத்தை விட்டுவிட்டு அவரைப் பற்றிச் சொல்ல வேறு வழியில்லை.

ஒன்று மட்டும் அதிசயம். ஆள் எவ்வளவு நடுங்கினாலும் அவருடைய கை நடுங்காது.

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தின் தேயிலை ஃபெக்டரியில் பத்தொன்பது வருடம் ஃபிட்டருக்கு உதவியாளாக இருந்தவர். ஃபெக்டரியை மூடி, கொழுந்தை லொறியில் வேறு தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு, தொழிலாளர் வரிசையான லயத்தில் தன் வீட்டின் பின்னால், சமையல் குசினியை ஒட்டித் தகரம் அடித்து ஒரு சாய்ப்பு இறக்கினார். அதுதான் அவருடைய பட்டறை. ஒரு மேசை, ஒரு வைஸ், நாலைந்து அரம், தலைக்கு மேல் ஒரு பல்ப். ரைஸ் குக்கர், அயர்ன், ஃபேன் என்று எது கெட்டாலும் அங்கேதான் வரும். மற்ற நேரத்தில், பிடுங்கிப் போட்ட பழைய தேயிலை மரத்தின் வேரை அறுத்து, உருட்டி, ஜெபமாலைக்கு மணி செய்வார். அவர் கத்தோலிக்கர். டவுன் மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் அந்த மாலையை விரும்பி வாங்குவார்கள்.

மணிக்கு நடுவில் ஓட்டை போட வேண்டுமே. அதற்காக டோர்ச் லைட் பருமனில் ஒரு சின்ன டிரில் தருவித்து வைத்திருந்தார். அதற்குப் போடும் பிட் என்ற துளையூசி, தையல் ஊசியை விடக் கொஞ்சம்தான் தடிப்பு. கூடவே வந்த பத்துப் பிட்டில் ஒன்பது ஒவ்வொன்றாக ஒடிந்து போய்விட்டன. பத்தாவதும் மொட்டையாகிவிட்டது. ஹட்டனுக்குப் போய் வேறு வாங்கி வாருங்கள் என்று மனைவி ஏஞ்சலா இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மழைக்குப் பிறகு ரோட்டோரம் மண் சரிந்த இடங்களை நினைத்தால் ஜூலியனுக்குப் பஸ் ஏற மனம் வராது. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிக்கொண்டே வந்தார். அந்தத் தள்ளல்தான் வினையாகிவிட்டது என்று அவர் நம்பினார். வினை வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

மாரியம்மன் திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது செல்லசாமி வந்தார். தோட்டத்துக்கு யூனியன் தலைவர் அவர்தான், கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். கையில் சிவப்புப் பட்டில் சுற்றிய ஒரு பொதி. அவிழ்த்தால், அம்மனின் வெள்ளி முகம். திருவிழாக் காலத்தில் மட்டும் கல் சிலைக்கு மேல் சாத்துகிற முகம் அது. குவைத்தில் வேலை செய்யும் சர்மிளா என்ற பிள்ளை நேர்த்தி வைத்து ஒரு தங்க மூக்குத்தி கொடுத்தனுப்பியிருக்கிறது. அதைப் போடுவதற்கு அம்மன் மூக்கில் ஓட்டை இல்லை.

“ஒன் கைய நம்பித்தான் வந்திருக்கேன் ஜூலியன். ஹட்டன்ல ஆசாரி இருக்காரு. ஆனா சாட்டு சொல்லியாச்சு. இனிமே அம்மா எல்லையத் தாண்டக் கூடாது.”

அது அந்தத் தோட்டத்து வழக்கம். திருவிழாவைப் பறையடித்துச் சாட்டிவிட்டால், அம்மனோடு சம்பந்தப்பட்ட எதுவும் தோட்ட எல்லைக்கு வெளியே போகாது. ஆசாரியை வரச் சொன்னால், திருவிழா முடிந்து வருகிறேன் என்கிறாராம்.

“நாங்க வேதக்காரங்க தலைவரே,” என்றார் ஜூலியன். “நாளைக்கு யாராச்சும் எதாச்சும் சொன்னாங்கன்னா?”

“எவன் சொல்லுவான்? நான் இருக்கேன்ல. வெள்ளிக்கிழம காலையில காப்பு கட்டு. அதுக்குள்ள குடுத்தா போதும். கவிச்சி மட்டும் வீட்டுல வேணாம்.”

மாட்டேன் என்று சொல்லவும் ஜூலியனுக்குப் பயம். வாங்கி வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஏஞ்சலா கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பருப்பு வைத்தாள். வெள்ளி முகத்தை எங்கே வைப்பது என்று ஜூலியன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அவள் அதை வாங்கி மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“ரெண்டு பேரும் பொம்பளைங்கதானே. பேசிக்கிட்டு இருக்கட்டும்,” என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் குளித்துவிட்டு வேலையில் உட்கார்ந்தார். முகம் முழுவதும் மெல்லிய வெள்ளித் தகடு. மூக்கு மட்டும் கட்டியாக வார்த்து ஒட்டியது. வலது பக்க மூக்கில், மூக்குத்தி வர வேண்டிய இடத்திலேயே, ஒரு சின்னக் குழி இருந்தது. பக்கத்து வெள்ளியை விடக் கொஞ்சம் மங்கலாக, கடுகில் பாதி அளவுக்கு. செய்தவர்களே இடம் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அதற்கு நேராகப் பிட்டை வைத்தார்.

முதலில் சுகமாக இறங்கியது. பொடிப் பொடியாகச் சீவல் வந்தது. பிறகு எதிலோ முட்டியது. பிட் மொட்டைதானே என்று கொஞ்சம் அமர்த்தினார்.

டிக் என்று ஒரு சத்தம்.

டிரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அதன் வாயில் பாதிப் பிட்தான் இருந்தது. மீதிப் பாதி அம்மனின் மூக்குக்குள்.

குறடால் பிடிக்க வெளியே ஒரு நுனிகூட இல்லை. பின்பக்கமாகத் தட்டிவிடலாம் என்றால் மூக்கு கட்டி வெள்ளி. ஜூலியன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மன் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு திரும்பி வந்த ஏஞ்சலா, பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்த புருசனைப் பார்த்துவிட்டு, கூடையை இறக்காமலேயே உள்ளே வந்தாள்.

“என்னாங்க?”

அவர் காட்டினார்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். பிறகு, “தலைவர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிருவோம்,” என்றாள்.

“சொன்னா தொலைஞ்சோம் ஏஞ்சலா.”

“ரெண்டு மாசமா பிட்டு வாங்குங்க, பிட்டு வாங்குங்கன்னு அடிச்சுக்கிட்டேன்.”

அவர் வெள்ளி முகத்தைப் பட்டில் சுற்றி மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவர் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. போன வருடம் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் வேறு சபைக்காரர்கள் சிலர் ஜெபம் பண்ணத் தகரக் கொட்டகை போட்டார்கள். அம்மன் கோயில் பக்கமாகப் போட்டுவிட்டார்கள் என்று வாய்ச்சண்டை வந்தது. ஒரு சாயங்காலம் கோயில் ஆட்கள் அந்தத் தகரத்தையெல்லாம் பிய்த்து ஆற்றில் போட்டுவிட்டார்கள். ஜூலியனுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அவர் ஞாயிற்றுக்கிழமை டவுனில் மாதா கோயில் பூசை கண்டுவிட்டு, பாண் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற ஆள். ஆனால் கோபத்தில் இருக்கிறவர்கள் நீ எந்தச் சபை என்றா கேட்கப் போகிறார்கள்? வேதக்காரன் அம்மன் மூக்கை உடைத்துவிட்டான். இந்த ஒரு வரி போதும். பிறந்து வளர்ந்த லயத்தில் பிறகு அவர் எந்த முகத்தோடு நடப்பார்?

அன்றிரவு இருவரும் தூங்கவில்லை. மாதா படத்தின் பக்கம் திரும்பிப் படுக்க ஜூலியனுக்குத் தைரியம் வரவில்லை.

விடிந்ததும் அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. புதுப் பிட் வாங்கி வந்து, ஒடிந்த துண்டைச் சுற்றித் துளைத்து, கிளறி எடுத்துவிடலாம். நடக்கிற காரியமா என்று அவருக்கே சந்தேகம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கையில் மிஞ்சிய பாதிப் பிட்டை ஒரு நெருப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

“யாரு வந்து கேட்டாலும், வேலை நடக்குதுன்னு சொல்லு. முகத்த மட்டும் காட்டிராத.”

“நான் என்னா பொய் சொல்லணும்னு ஒழுங்கா சொல்லிக் குடுத்துட்டுப் போங்க,” என்றாள் ஏஞ்சலா.

பஸ்ஸில் அவருக்கு இடம் கிடைத்ததே நிஷாந்திக்குப் பக்கத்தில்தான். அவள் மூன்று வீடு தள்ளி இருக்கிறவள், கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தாள். தோட்டத்தில் ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால் அவள் காதில் போட்டால் போதும்.

“என்னா ஜூலியன் அண்ணே, அம்மாவுக்கு மூக்கு குத்தியாச்சா?”

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜூலியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நடக்குது... நடக்குதும்மா.”

“பதனமா குத்துங்க. அம்மாவுக்கு வலிச்சிச்சின்னா ஒங்கள சும்மா விடாது,” என்று சொல்லி அவள் சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. மண் சரிந்த வளைவுகளில் பஸ் ஒரு சக்கரத்தை ஓரத்தில் வைத்துப் போனபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பிரேக் மிதிக்கவில்லை. பஸ் புரண்டால்கூட நல்லதுதான் என்று ஒரு நினைப்பு வந்து, அந்த நினைப்புக்கும் சேர்த்துப் பயந்தார்.

தலவாக்கலையில் பஸ் மாறும்போது ஒரு ஹாட்வெயார் கடையில் கேட்டுப் பார்த்தார். முதலாளி ஒன்றரை மில்லிமீட்டர் பிட்டை எடுத்துக் காட்டி, “ஈட்ட வடா பொடி நே,” என்று சிங்களத்தில் சொன்னார். அதை விடச் சின்னது இல்லையாம். ஹட்டனில் இறங்கி மூன்று கடை ஏறினார். மூன்றிலும் அதே ஒன்றரை. ஒருவர் பாதிப் பிட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது ஊசியா ஆணியா என்று கேட்டார். மணி பத்தாகிவிட்டது. சட்டை நனைகிற மாதிரி வேர்த்தது, அந்தக் குளிரில்.

நான்காவது கடைக்காரர்தான், ஃபோன் ரிப்பேர் செய்கிற இடத்தில் கேட்டுப் பாருங்கள் என்றார். மாடிப்படி ஏறினால் ஒரு சின்ன அறை. கிருஷாந்தி என்று பெயர்ப் பலகை மாட்டி, இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண்ணொருத்தி, கண்ணாடி லென்ஸுக்குக் கீழே ஒரு ஃபோனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். ஜூலியன் நெருப்புப் பெட்டியைத் திறந்து நீட்டினார். அவள் வேர்னியரில் பிடித்து அளந்தாள்.

“பொயின்ட் எட்டு மில்லிமீட்டர். இருக்கு அங்கிள்.”

அவருக்கு உயிர் வந்தது. அவள் இரண்டு டப்பாவை எடுத்து வைத்தாள்.

“இது போர்டுக்குப் போடுறது, கார்பைட். கை கொஞ்சம் சரிஞ்சாலும் கண்ணாடி மாதிரி முறியும். இது சாதாரண உருக்கு. ஒங்களோடதும் இந்த உருக்குதான். கையில புடிச்சு ஓட்டுறதுன்னா இதையே வாங்குங்க. ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க, ரெண்டு சுத்து ஓட்டிட்டு வெளிய எடுங்க. அமத்தாதீங்க.”

“பத்து தாங்க.”

அவள் எண்ணிப் போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“மத்தப் பாதி எங்க அங்கிள்?”

ஜூலியன் முகத்தில் ஈயாடவில்லை. “உள்ள... மாட்டிக்கிச்சு.”

“எதுல?”

“வெள்ளில. ஒரு நகை மாதிரி. ஒரு அம்மாவோடது.”

“அந்தம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்னுதான் நெனைக்கிறேன்,” என்றார் ஜூலியன். அவர் கண் கலங்கிவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“வெள்ளின்னா கவலப்படாதீங்க. எங்கப்பா நகைப் பட்டறை வச்சிருந்தாரு, அங்க இது அடிக்கடி நடக்கும். சீனக்காரம் இருக்கில்ல, சலூன்ல தேய்ப்பாங்களே, படிகாரம், அதத் தண்ணில கரைச்சு, சூட்டுல போட்டு வைங்க. இரும்பு கரைஞ்சு போயிரும். வெள்ளிக்கு ஒண்ணும் ஆகாது. இரும்புச் சட்டில மட்டும் வைக்காதீங்க.”

“எவ்வளவு நேரம் அவியணும்?”

“நாலஞ்சு மணித்தியாலம் போகும். தண்ணி வத்த வத்த ஊத்துங்க.”

நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ சீனக்காரம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிய பிறகுதான், அவள் சொன்னது முழுசாக அவர் மண்டையில் ஏறியது. அம்மனின் முகத்தைச் சட்டியில் போட்டு அவிக்க வேண்டும். ஒடிந்த பிட்டோடு அகப்பட்டால் கைதவறி நடந்தது என்று சொல்லிக் காலில் விழலாம். அம்மனை அடுப்பில் வைத்து அவிக்கும்போது அகப்பட்டால் என்ன சொல்லுவது? தொடையிடுக்கில் கையை வைத்துக்கொண்டு, பஸ் போகிற பக்கம் பார்க்காமல், அவர் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே வந்தார். பாதியில் நிறுத்தி, மாரியம்மனிடமும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். யாரைக் கும்பிட்டால் யார் கோபித்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெளிவாகவில்லை.

ஏஞ்சலா அன்று வேலைக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசயத்தைக் கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து, தைப்பொங்கலுக்கு வாங்கி மிஞ்சியிருந்த புது மண்சட்டியைக் கழுவினாள். கறி காய்ச்சிய அடுப்பைச் சாணம் போட்டு மெழுகினாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவள் அதையெல்லாம் செய்தாள். ஒரு மணிக்குச் சட்டி சூடேறியது. வெள்ளி முகத்தை வாழை நாரில் கட்டி, அகப்பைக் காம்பில் தொங்கவிட்டு, மூக்கு மட்டும் தண்ணீரில் முங்குகிற மாதிரி குப்புற இறக்கினார்கள்.

அரைமணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தண்ணீருக்குள், மூக்குப் பக்கத்திலிருந்து மட்டும், நூல் பிடித்த மாதிரி சின்னச் சின்னக் குமிழி வரத் தொடங்கியது.

“மூச்சு விடுது,” என்றார் ஜூலியன். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

“இரும்பு கரையுதுங்க. சும்மா இருங்க.”

சொன்னாளே தவிர, அவளும் அடுப்புக்கு இரண்டடி தள்ளியே உட்கார்ந்திருந்தாள். அன்று மத்தியானம் லயத்தில் நாய் குரைத்தால் அவர் எழுந்தார். தகரத்தில் மழைத்துளி விழுந்தால் எழுந்தார். பக்கத்து வீட்டுச் சுவரில் யாரோ ஆணி அடித்த சத்தத்துக்கு அவர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை கீழே விழுந்தது. மாலை நாலு மணிக்குக் கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் ரோட்டில் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அது தூரமாகிப் போன பிறகு கொஞ்சம் மூச்சு விட்டார்.

அப்போதுதான் யாரோ பின்கதவைத் தட்டினார்கள்.

முன்வாசல் வழியாகத்தான் யாரும் வருவார்கள். தட்டியவர் காத்திருக்கவும் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு நேராகக் குசினிக்குள் வந்து நின்றார் செல்லசாமி. அவர் பார்வை ஜூலியன் மேல் விழுந்தது, ஏஞ்சலா மேல் விழுந்தது, பிறகு அடுப்பில் குப்புறத் தொங்கிக்கொண்டிருந்த வெள்ளி முகத்தின் மேல் விழுந்து அங்கேயே நின்றது.

ஜூலியன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தகரக் கொட்டகை ஆற்றில் மிதந்து போனது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

“தலைவரே, வேணும்னு செய்யல. எம் பிட்டு பழசு. உள்ள ஒடைஞ்சிருச்சு. அது கரையத்தான்... அம்மாவ அவமதிக்கல தலைவரே. சத்தியமா.”

செல்லசாமி சத்தம் போடவில்லை. மெதுவாக விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“எத்தன துண்டு?”

“ஒண்ணுதானுங்க.”

“ரெண்டு இருக்கும்,” என்றார் செல்லசாமி.

சட்டியில் குமிழி வருகிற சத்தம் கேட்டது. ஜூலியனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அந்த மங்கலான சின்னக் குழி ஞாபகம் வந்தது.

“பதினோரு வருசம் ஆச்சு,” என்று செல்லசாமி அடுப்பைப் பார்த்துச் சொன்னார். “எம் மக கல்யாணத்துக்கு நேந்துக்கிட்டு நானும் ஒரு மூக்குத்தி வாங்கினேன். முகம் நம்ம வீட்டுப் பெட்டியிலதானே இருக்கும். சாக்குத் தைக்கிற ஊசிய வச்சு, சுத்தியலால ரெண்டு தட்டு தட்டுனா எறங்கிரும்னு நெனச்சேன். நுனி ஒடைஞ்சு உள்ள நின்னுருச்சு. மேல ஈயத்த உருக்கித் தடவி, சந்தனம் பூசிட்டேன். யாருக்கும் தெரியாது. மறு வருசம் எம் பொண்டாட்டி போய்ச் சேந்தா. டொக்டர் சீனி வியாதின்னாரு. நான் ஊசின்னு நெனச்சேன். இப்ப வரைக்கும் அப்பிடித்தான் நெனைக்கிறேன்.”

ஏஞ்சலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அந்த எடத்துல பிட்டு போனா முட்டும்னு தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?” என்று ஜூலியன் கேட்டார்.

“ஒன் மிசினு ஊசியயும் சேத்துத் தொளச்சிரும்னு நெனச்சேன் தம்பி.”

“ஆசாரி நெசமாவே வர மாட்டேன்னாருங்களா?”

“நான் அவர்கிட்ட கேக்கல. அவரும் நம்ம ஆளு. அம்மா அவர எதாச்சும் செஞ்சுட்டா அந்தப் பாவமும் எனக்குத்தான். நீ மாதாவக் கும்புடுறவன். ஒன்னைய ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்.”

ஜூலியனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ சூடாக எழுந்தது. அவருக்குக் கோபம் அவ்வளவாகப் பழக்கமில்லை. வந்திருப்பது கோபம்தான் என்று தெரிந்துகொள்ளவே நேரம் பிடித்தது. தெரிந்ததும் அதற்கும் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டார்.

“ஒடைஞ்சது வெளிய தெரிஞ்சிருந்தா, வேதக்காரன் ஒடைச்சான்னுதானே தலைவரே போயிருக்கும்? நீங்க என்னா சொல்லியிருப்பீங்க?”

அப்படிப் போயிருக்காது என்று செல்லசாமி சொல்லவில்லை. தண்ணீர் வற்றியிருந்தது. ஏஞ்சலா எழுந்து ஒரு செம்பு ஊற்றினாள். பிறகு மூன்று பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செல்லசாமி போகவில்லை. தேத்தண்ணி கொடுத்தபோது வாங்கிக் குடித்தார்.

வெளிச்சம் மங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் குமிழி நின்றது. முகத்தை எடுத்து நல்ல தண்ணீரில் கழுவினார்கள். மூக்கு புதுசு போல வெளுத்திருந்தது. ஜூலியன் ஒரு குண்டூசியால் மெல்லக் கிளறினார். கறுப்பாகக் கொஞ்சம் சேறு மாதிரி வந்தது, பிறகு அதற்குள்ளிருந்து இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். இரும்பு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. பாதி மூக்கு வரை சுத்தமான ஓட்டை. மீதிப் பாதியைத் துளைக்க வேண்டும்.

ஜூலியன் டிரில்லில் புதுப் பிட்டை மாட்டினார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். பிறகு முகத்தை வைஸில் பிடிக்காமல், செல்லசாமியிடம் நீட்டினார்.

“நீங்க புடிங்க.”

“நான் தொடல தம்பி. எங் கை சரியில்ல.”

“நீங்க புடிச்சாத்தான் ஓட்டுவேன். இல்லன்னா இப்பிடியே எடுத்துக்கிட்டுப் போங்க.”

ஜூலியன் தன் வாழ்நாளில் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. பேசிவிட்டு, பேசியது தான்தானா என்று ஏஞ்சலாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் டோர்ச் லைட்டை எடுத்து மூக்குக்கு நேராக அடித்தாள்.

செல்லசாமி எழுந்து கை கழுவினார். சாமி கும்பிட்டார். பட்டுத் துணியை மடித்து வைத்து, அதன் மேல் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். வெள்ளி மேசையில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டது. அவ்வளவுக்கு அவர் கை ஆடியது.

“ஆடாம புடிங்க தலைவரே. ஆடுனீங்கன்னா இதுவும் ஒடையும்.”

“பயமா இருக்குடா.”

“எனக்கும்தானுங்க. புடிங்க.”

செல்லசாமி கண்ணை மூடிக்கொண்டு முழங்கையை மேசையில் ஊன்றினார். சத்தம் நின்றது. ஜூலியன் இரண்டு சுற்று ஓட்டி வெளியே எடுத்தார். மறுபடி இரண்டு சுற்று. அமர்த்தவில்லை. ஏஞ்சலா முணுமுணுத்த மன்றாட்டும், செல்லசாமி முணுமுணுத்த தாயே தாயேயும் டிரில் சத்தத்துக்குள் கலந்து கேட்டன. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, பிட்டின் நுனி மறுபக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை காப்பு கட்டுக்குத் தோட்டமே கோயில் முன்னால் கூடிவிட்டது. ஜூலியன் வரவில்லை என்றுதான் சொன்னார். ஏஞ்சலா இழுத்து வந்தாள். அவர் தப்பு மேளம் அடிக்கும் தப்புக்காரர்களுக்குப் பின்னால், தேவைப்பட்டால் ஓடுவதற்கு வசதியாக ஒரு இடம் பார்த்து நின்றார். செல்லசாமி சொல்லிவிட மாட்டார் என்று அவருக்கு நிச்சயமில்லை. என்ன சொல்வார் என்பதும் நிச்சயமில்லை. திரை விலகியது. தீபம் காட்டினார்கள். அம்மன் மூக்கில் சர்மிளாவின் மூக்குத்தி தெரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

குலவை அடங்கியதும், முன்வரிசையிலிருந்து நிஷாந்தி கேட்டாள். “ஜூலியன் அண்ணன்தானே தலைவரே அம்மாவுக்கு மூக்கு குத்துனது?”

கூட்டத்தில் நாலைந்து தலை திரும்பியது. யாரோ, “வேதக்காரங்க கையிலயா குடுத்தாங்க?” என்று சொன்னதும் ஜூலியன் காதில் விழுந்தது. அவர் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார்.

செல்லசாமி பூசைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். பதில் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் எடுத்தது. அந்த ஒரு நிமிடம் ஜூலியனுக்கு மண் சரிந்த வளைவு அத்தனையையும் ஒரே சமயத்தில் கடந்த மாதிரி இருந்தது.

“நாங்க ரெண்டு பேரும்தான்,” என்றார் செல்லசாமி, எல்லோருக்கும் கேட்கும்படி. “அவரு ஓட்டுனாரு. நான் புடிச்சுக்கிட்டேன்.”

சொல்லும்போது அவர் கையிலிருந்த தட்டு ஆடிக்கொண்டிருந்தது. குங்குமம் சிந்தியது. ஜூலியன் தப்புக்காரர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய், தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.